குவாங்சோவில வேலை வந்திருக்கு: குடும்பத்தோட போகலாமோ?

வெள்ளவத்தைப்பெடியன்:

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். கொழும்பில ஒரு ஆடை ஏற்றுமதிக் கொம்பனியில தரப் பரிசோதனைப் பகுதியில வேலை செய்யிறன். இப்ப சீனாவில, குவாங்சோவில, துணி வாங்கி அனுப்பிற ஒரு ஒஃபிஸில வேலைக்குக் கேட்டிருக்கினம். சம்பளம் நல்லம். மனிசியும் அஞ்சு வயசு மகளும் கூட வருவினம். அம்மா இஞ்ச வெள்ளவத்தை ஃபிளட்டிலதான் இருப்பா. தங்கச்சி தெஹிவளையில இருக்கிறபடியால் ஓடி வந்து பார்ப்பா.

முதல் கேள்வி விசா. வியாபார விசாவில, அதுதான் எம் விசா, வந்து வேலையைத் தொடங்குங்கோ, பிறகு மாத்தித் தாறம் எண்டு சொல்லுகினம். இது நடக்கிற காரியமோ? அடுத்தது, வாட்ஸ்அப் அங்க வேலை செய்யாதாம். அம்மா ஒவ்வொரு நாளும் விளக்கு வைச்சுப்போட்டு என்னோட கதைக்கிறவ, அவவோட எப்பிடிக் கதைக்கிறது? வெள்ளிக்கிழமை மரக்கறி, மகளின்ர பள்ளிக்கூடம், வீட்டுக்குக் காசு அனுப்பிறது பற்றியும் அங்க இருந்த ஆக்கள் சொன்னால் பெரிய உதவி. யூரியூப்பில பார்த்தால் உயரக் கட்டடத்தையும் வேக ரெயிலையும்தான் காட்டுகினம்.

கொட்டாஞ்சேனை அக்கா:

தம்பி, எம் விசாவில வேலைக்குப் போகாதேங்கோ. இதில ரெண்டாம் பேச்சே இல்லை. அது சாமான் வாங்கவும் கண்காட்சி பார்க்கவும் போறவைக்கு. அதில நிண்டு சம்பளத்துக்கு வேலை செய்து பிடிபட்டால் சட்டப்படி 5,000 யுவானில இருந்து 20,000 யுவான் வரைக்கும் தண்டம். பாரதூரமெண்டு கண்டால் 5 நாளில இருந்து 15 நாள் வரைக்கும் மறியலும் இருக்கு. கொம்பனிக்கும் தண்டம் அடிப்பினம்தான், ஆனால் திருப்பி அனுப்பப்படுறது நீங்கள். "பிறகு மாத்தித் தாறம்" எண்டு சொல்லுற கொம்பனியிட்ட, "வேலை அனுமதி அறிவித்தல் கடிதத்தை முதல் எடுத்து அனுப்புங்கோ" எண்டு எழுத்தில கேளுங்கோ. உண்மையா உங்களை எடுக்க நினைக்கிறவை அனுப்புவினம்.

அந்தக் கடிதம் கையில கிடைச்சால் கொழும்பிலயே இசெட் விசா, அதுதான் வேலை விசா, எடுக்கலாம். போய் இறங்கி 30 நாளுக்குள்ள வதிவிட அனுமதிக்குக் குடுக்கோணும். மனிசிக்கும் மகளுக்கும் குடும்பத்தாருக்கான எஸ் 1 விசா, அவைக்கும் அதே 30 நாள் கணக்குத்தான். அந்த விசாவில மனிசி வேலை செய்ய ஏலாது, இதை இப்பவே அவவுக்கு விளங்கப்படுத்துங்கோ. டிகிரி, ரெண்டு வருஷ அனுபவக் கடிதம், பொலிஸ் அறிக்கை, மருத்துவச் சோதனை எல்லாம் கேட்பினம். கலியாணச் சான்றிதழையும் பிள்ளையின்ர பிறப்புச் சான்றிதழையும் மறக்காதேங்கோ. என்னென்ன பத்திரத்துக்கு எங்கெங்க அத்தாட்சி வேணும் எண்டதை பௌத்தாலோக மாவத்தைச் சீனத் தூதரகத்தில கேட்டு எழுதிக்கொண்டு வந்து, அதுக்குப் பிறகு அலையுங்கோ.

இனி நான் முக்கியமாச் சொல்ல வந்த விசயம், பெயர். இதை ஒருத்தரும் சொல்லித் தாறதில்லை, அங்க தமிழாக்கள் படுற பாட்டில பாதி இதாலதான். சீனாக்காரரின்ர பெயர் ரெண்டு மூண்டு எழுத்தோட முடிஞ்சிடும். எங்கட பாஸ்போர்ட்டில அப்பாவின்ர பெயரும் சொந்தப் பெயருமாச் சேர்ந்து ஒரு முழ நீளம். சிலருக்கு அப்பாவின்ர பெயர் முன்னுக்கு, சிலருக்குப் பின்னுக்கு. அங்க சிம், வங்கிக் கணக்கு, வீசாட் (கதைக்கவும் காசு கட்டவும் பாவிக்கிற சீன ஆப்), ரெயில் ரிக்கற் எல்லாம் பாஸ்போர்ட் பெயரிலதான் ஓடுது. ஒண்டில ஒரு இடைவெளி பிசகினால் மற்றது ஏற்காது.

எனக்கு வங்கியில இருந்த பிள்ளை ரெண்டு பெயரையும் இடைவெளி விடாமல் ஒட்டி அடிச்சிட்டா. சிம்மில இடைவெளியோட இருந்தது. வீசாட்டில வங்கி அட்டையைச் சேர்க்கப் போனால் "தகவல் பொருந்தவில்லை" எண்டு திருப்பித் திருப்பி வருது. கீரைக்காரம்மாவுக்கு முன்னால கங்குன் பிடியும் கையுமா நிக்கிறன், அந்த மனிசி தாள் காசுக்கு மிச்சம் தர வழியில்லாமல் என்னையே பார்க்குது. அடுத்த நாள் சிம் கடைக்கும் வங்கிக்கும் நடந்து நடந்து ரெண்டையும் ஒரே மாதிரி ஆக்கின பிறகுதான் மூச்சு வந்தது. ஆனபடியால் தம்பி, வங்கியில கையெழுத்துப் போட முதல் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ. எழுத்தெழுத்தாப் பாருங்கோ. பெயர் அடிச்ச வங்கித் துண்டை ஃபோனில படம் எடுத்து வைச்சுக்கொண்டு, மற்ற எல்லா இடத்திலயும் அதே மாதிரி அடியுங்கோ.

வங்கிக் கணக்குத் திறக்கும் வரைக்கும் உங்கட இலங்கை விசா அட்டையையோ மாஸ்டர் அட்டையையோ அலிபே எண்ட காசு கட்டுற ஆப்பில போட்டுப் பாவிக்கலாம். 2023 இல இருந்து இது இலகு. 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் 3 வீதம் கழிப்பினம்.

அம்மாவின்ர விசயம்: இஞ்ச இருக்கும்போதே அவவின்ர ஃபோனில வீசாட் போட்டுக் குடுங்கோ. புதுக் கணக்குத் திறக்கேக்க ஏற்கெனவே வீசாட்டில இருக்கிற ஒருத்தர் உறுதிப்படுத்தோணும் எண்டு கேட்கும், நீங்கள் பக்கத்தில இருந்தால் சுகம். உங்கட இலங்கை சிம்மை ரோமிங்கில வைச்சிருந்தால் வாட்ஸ்அப்பும் ஓடும், ஆனால் செலவு. அங்க நேரம் எங்களை விட ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. அம்மா ஆறரைக்கு விளக்கு வைச்சிட்டு எடுத்தால் உங்களுக்கு ஒன்பது மணி, மகள் நித்திரையாப் போயிடுவாள். சனி ஞாயிறு பின்னேரத்தைப் பேத்திக்கெண்டு ஒதுக்கி விடுங்கோ.

புறக்கோட்டைத் துணிக்கடை:

அக்கா சொன்னதில ஒரு சொல்லும் மிகையில்லை. நான் சோங்டா துணிச் சந்தைக்கு அடிக்கடி போய் வாறவன், எனக்கு எம் விசா சரி. தம்பிக்கு அது சரிவராது.

வீடு பார்க்கிறதெண்டால் ஏப்ரலிலயும் ஒக்டோபரிலயும் போய் இறங்காதேங்கோ. அப்பதான் கன்ரன் கண்காட்சி, 1957 இல இருந்து நடக்குது, உலகத்து வியாபாரி எல்லாம் அங்க. ஹோட்டல் விலை கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஏறும். வீட்டுக்கு ரெண்டு மாச வாடகை முற்பணம், ஒரு மாச வாடகை, அதோட தரகர் காசு. ஹோட்டலில நிண்டால் பொலிஸ் பதிவை ஹோட்டல்காரர் செய்வினம். வாடகை வீடெண்டால் 24 மணித்தியாலத்துக்குள்ள நீங்கள்தான் பதியோணும். பதிஞ்சு தரமாட்டன் எண்டு சொல்லுற வீட்டுக்காரரின்ர வீடு எவ்வளவு மலிவெண்டாலும் விடுங்கோ, அந்தப் பதிவுத் துண்டு இல்லாமல் வதிவிட அனுமதி கிடையாது.

இன்னொண்டு. ஹொங்கொங் ரெயிலில ஒரு மணித்தியாலம்தான். ஆனால் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேணும். திரும்பி வரேக்க சீன அனுமதியும் செல்லுபடியா இருக்கோணும்.

வெள்ளவத்தைப்பெடியன்:

அக்கா, அண்ணா, கையெடுத்துக் கும்பிடுறன். கடிதம் கேட்டு இண்டைக்கே எழுதிப்போட்டன். பெயர் விசயத்தில இன்னொரு சந்தேகம்: என்ர டிகிரியில முதலெழுத்தோட பெயர், பாஸ்போர்ட்டில முழுப்பெயர். மகளின்ர பிறப்புச் சான்றிதழில அவளின்ர பெயர் மட்டும், பாஸ்போர்ட்டில என்ர பெயரும் சேர்ந்து இருக்கு.

ஷாங்காய்வாசி:

நான் இப்பவும் ஷாங்காயில. பள்ளிக்கூடக் கதையை நான் சொல்லுறன். ஆங்கிலத்தில படிப்பிக்கிற சர்வதேசப் பள்ளிக்கூடமெண்டால் வருஷம் ஒரு லட்சம் யுவானைத் தாண்டும், சம்பளத்தில இருந்து கட்டேலாது. ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்க முதல் படிப்புச் செலவை அதுக்குள்ள எழுதச் சொல்லிக் கேளுங்கோ. ஆறு வயசிலதான் முதலாம் வகுப்பு, அதுவரைக்கும் பக்கத்துப் பாலர் பாடசாலையில விடலாம். பிள்ளையள் சில மாசத்தில சீனம் கதைக்கத் தொடங்கிடுவினம். எனக்கு மகன்தான் கடையில மொழிபெயர்ப்பு.

காசு அனுப்ப: வேலை ஒப்பந்தம், வரி கட்டின சான்று, பாஸ்போர்ட் கொண்டு வங்கிக்குப் போனால் வரி போக மிஞ்சின சம்பளத்தை டொலராக்கி அனுப்புவினம். மாதா மாதம் வரிச் சான்றை எடுத்து வையுங்கோ. சமூகக் காப்புறுதியில ஓய்வூதியத்துக்கெண்டு உங்கட சம்பளத்தில 8 வீதம் பிடிப்பினம், நாட்டை விட்டுப் போகேக்க அதைத் திருப்பி எடுக்கலாம். கனபேர் கேட்காமலே வந்திடுகினம், எனக்கு அது பெரிய மனவருத்தம்.

வர முதல் மகளைக் கொழும்பு நூதனசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. காலியில கண்டெடுத்த, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின்ர கல்வெட்டு அங்க இருக்கு, 1409 ஆம் ஆண்டுத் தேதி போட்டது. சீனம், தமிழ், பாரசீகம் மூண்டும் ஒரே கல்லில. நான் என்ர மகனுக்கு அதைக் காட்டித்தான் கூட்டி வந்தனான். பிறகு லீவில குவான்சோவுக்குப் போனம் (உங்கட குவாங்சோ இல்லை, இது வேற ஊர்), அங்க 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கண்டெடுத்தவை. எங்கட எழுத்து அந்த ஊரில கிடைச்சதெண்டு கேட்ட உடன அவனுக்குச் சரியான சந்தோசம்.

கொட்டாஞ்சேனை அக்கா:

தம்பி, ரெண்டுக்கும் சத்தியக்கடதாசி முடியுங்கோ. முதலெழுத்துப் பெயரும் முழுப்பெயரும் ஒரே ஆள்தான் எண்டு ஒண்டு, மகளின்ர ரெண்டு பெயரும் ஒரே பிள்ளைதான் எண்டு ஒண்டு. சமாதான நீதவானுக்கு முன்னால முடிச்சு, மற்றப் பத்திரங்களோட சேர்த்தே அத்தாட்சிக்குக் குடுங்கோ. சீனாவில இருந்து இதைச் செய்யிறது பெரிய அலைச்சல்.

வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பயப்பிடாதேங்கோ. கங்குன், பாவற்காய், பயத்தங்காய், வெண்டிக்காய் எல்லாம் சந்தையில பச்சையாக் குவிஞ்சு கிடக்கும். கடையில மட்டும் கவனம்: கீரைப் பிரட்டலுக்கும் பன்றிக் கொழுப்போ சிப்பிச் சோஸோ விடுவினம், "மச்சம் சாப்பிடுறதில்லை" எண்டு சொன்னாலும் அதை மச்சமா நினைக்கமாட்டினம். விகாரைகளுக்குப் பக்கத்தில இருக்கிற சைவக் கடையளில நம்பிச் சாப்பிடலாம். கறிவேப்பிலைக்கு சியாவ்பெய் பக்கம் இருக்கிற தெற்காசியக் கடையளைத் தேடுங்கோ. இடியப்பமாவும் மிளகாய்த்தூளும் இஞ்ச இருந்து.

மாசி, பங்குனியில அங்க சுவரும் தரை ஓடும் வேர்க்கும், கழுவின உடுப்புக் காயாது. எங்கட பழக்கத்துக்கு யன்னலைத் திறக்கச் சொல்லும், திறந்தால் இன்னும் ஈரம். பூட்டி வைச்சு ஏசியை ஈரம் உறிஞ்சிற முறையில போடுங்கோ.

கொம்பனியின்ர பதில் வந்த உடன இதிலயே எழுதுங்கோ. கடிதத்தில உங்கட பெயர் எப்பிடி அடிச்சிருக்கு எண்டதை முதல்ல பார்த்துச் சொல்லுங்கோ.