அப்பாவின் பத்மினி: எழுப்புவதா, எடைக்குப் போடுவதா?

பெண்ணைக்கரை:
1986 பிரீமியர் பத்மினி, பெட்ரோல். பாண்டிச்சேரி நம்பர். நிற்பது கடலூரில், பெண்ணையாற்றுப் பக்கம், மண்தரைத் தகரக் கொட்டகையில், தார்ப்பாய் போட்டு. கடைசியாக ஓடியது 2009. 2024 டிசம்பர் வெள்ளத்தில் கதவின் கீழ்விளிம்பு வரை தண்ணீர் நின்றது. எஞ்சின் சுற்றவில்லை. ஆர்சி அப்பா பெயரில், அவர் இப்போது இல்லை. அம்மாவுக்கு விட மனசில்லை, தம்பி எடைக்குப் போடச் சொல்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்பேனர்14:
எடைக்கு எதுக்குங்க? இறுகிப்போன எஞ்சின்தான் இந்த வண்டியில சுலபமான வேலை. 1089 சிசி, புஷ்ராடு (வால்வைத் தள்ளித் திறக்கிற கம்பி) எஞ்சின், உள்ளே மர்மம் ஒண்ணும் கிடையாது. முதல்ல செல்ப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடிக்கவே அடிக்காதீங்க. சம்ப், அதாவது எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஆயில் தொட்டி, அதோட போல்ட்டைக் கழட்டி ஒரு தட்டுல பிடிங்க. வெள்ளத் தண்ணி உள்ள போயிருந்தா முதல்ல தண்ணிதான் வரும், அப்புறம் ஆயில். நாலு பிளக்கையும் எடுத்துட்டு, டீசலும் ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊத்துற ஆயில்) சரிபாதி கலந்து சிலிண்டருக்கு 30 மில்லி ஊத்துங்க. நாலஞ்சு நாள் ஊறட்டும், நடுவுல ஒருதடவை ஊத்துங்க. அப்புறம் எஞ்சினை ரெண்டு பக்கமும் கொஞ்சங்கொஞ்சமா சுத்தி அசைக்கணும், ஒரே பக்கமா முறுக்கினா பிஸ்டன் ரிங் உடையும். அதுக்கு முன்னாடி வால்வு கவரைத் திறந்து, எந்த வால்வாவது கீழேயே மாட்டிக்கிட்டு நிக்குதான்னு பாருங்க. பார்க்காம சுத்தினா புஷ்ராடு வளையும்.

சுத்த ஆரம்பிச்சதும் புது ஆயில், பிளக் இல்லாமலே சுத்தி ஆயில் பிரஷர் வரவைக்கணும். பழைய டாங்க் பெட்ரோலைத் தொடாதீங்க. பாட்டில்ல புது பெட்ரோல் வச்சு நேரா கார்புரேட்டருக்குக் குழாய் விடுங்க. ஓடிடும்.

வெல்டிங்ராடு:
ஓடிடும். ஓடி எங்க போகும்? எஞ்சின் சத்தம் கேட்டதும் வீட்ல எல்லாருக்கும் கண் கலங்கும், மறுநாளே பெயிண்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பாங்க. அங்கேதான் பணம் செத்துப்போகுது.

பத்மினிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரை, கதவுக்குக் கீழே இருக்கிற படி, பின்பக்கப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டுற இடம், இதுங்கதான் எலும்பு. படி உள்ளே கூடு. வெள்ளம் வடிஞ்சாலும் வண்டல் அந்தக் கூட்டுக்குள்ள தங்கிடும். வெளியே வெயில் அடிக்கும், உள்ளே சேறு ஈரமாவே இருக்கும். அதனால துரு உள்ளேயிருந்து வெளியே வரும். பெயிண்ட்ல சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு காகிதமாயிருக்கும். உங்க கடல்காத்து உப்பும் சேர்ந்தா கேட்கவே வேணாம்.

ரெண்டு சோதனை. பழைய ஸ்க்ரூடிரைவர் எடுத்து படி, ஜாக்கி வைக்கிற இடம், ஸ்டெப்னி குழி, பட்டை மாட்டுற முனை எல்லாத்தையும் அழுத்திக் குத்துங்க. அடுத்து, கதவுகளைச் சாத்தி இடைவெளியை அளந்து வச்சுக்கிட்டு, பின்பக்கம் ஒரு ஓரத்துல ஜாக்கி ஏத்துங்க. இடைவெளி மாறுனாலோ, கதவு திறக்க அடம்பிடிச்சாலோ, உடம்பு வளையுதுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் எஞ்சின் பத்திப் பேசலாம்.

கணக்கன்:
இருவரும் காகிதத்தை மறந்துவிட்டீர்கள். உரிமையாளர் மறைந்தால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. பாண்டி நம்பர் வண்டி கடலூரில் 12 மாதத்துக்கு மேல் நின்றால் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும்: அங்கே படிவம் 28இல் தடையில்லாச் சான்று, இங்கே படிவம் 27, கூடவே வரி. பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. 2025 ஆகஸ்ட் முதல் 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் மட்டும் 10,000 ரூபாய், அதுவும் ஐந்து வருடத்துக்கு. தாமதக் கட்டணம் தனி, அதன் கணக்கை அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். சோதனைக்கு வண்டி நேரில் வர வேண்டும், பதிவு காலாவதியான வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியாது, ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

என் கருத்து: ஸ்டீரிங், முன்கிரில், டேஷ்போர்டு மீட்டர் மூன்றையும் வீட்டில் வைத்துக்கொண்டு மீதியை விடுங்கள். தெருவோர இரும்புக் கடையில் வேண்டாம். பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்து ஒப்படைப்புச் சான்று வாங்கி ஆர்சியை ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் இல்லாத வண்டிக்கு நீங்கள் உரிமையாளராகவே இருப்பீர்கள்.

சைக்கிள்கேப்:
பழங்கால வண்டின்னு விண்டேஜ் நம்பர் வாங்கிட்டா இந்தத் தலைவலி இல்லையே?

கணக்கன்:
2021 விதிப்படி 50 வருடம் ஆகியிருக்க வேண்டும். 1986 வண்டிக்கு அது 2036. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், அன்றாட ஓட்டத்துக்கும் அனுமதியில்லை.

ஸ்பேனர்14:
மீட்டரைக் கழட்டி ஷோகேஸ்ல வைக்கிறதுக்கு போட்டோ மாட்டிக்கலாம். பாகம் கிடைக்காதுன்னு யாராவது சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்: மும்பையில பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபர் வரைக்கும் ஓடின. பழைய பாகம் இன்னும் சந்தையில சுத்துது. சென்னை புதுப்பேட்டை பழைய பாகச் சந்தையில தேடினா கியர்பாக்ஸ், பின் ஆக்சில், கதவு எல்லாம் சிக்கும். ரப்பரும் நல்ல கிரோம் பம்பரும்தான் கஷ்டம்.

வெல்டிங்ராடு:
படி? தரை? அது எந்தக் கடையிலயும் தொங்காது, கையால மடிக்கணும். 1.2 மி.மீ. தகடு படிக்கு, 0.9 தரைக்கு. ஒரு பக்கம் வெட்டுறதுக்கு முன்னாடி கதவு நிலைக்குக் குறுக்கே ஒரு இன்ச் சதுரக் குழாய் பத்தவைக்கணும், ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல வெட்டவே கூடாது. வெட்டினா நடுவுல தொய்ஞ்சு போயிரும், அப்புறம் ஒரு கதவும் பொருந்தாது. கேஸ் வெல்டிங் கேட்காதீங்க, சூட்டுல தகடு அலை அலையா ஆகும். மிக் வெல்டிங், விட்டு விட்டுப் புள்ளி வைக்கணும். பழைய தகடு மேலேயே புதுத் தகடு ஒட்டி பட்டி பூசுற டிங்கர்கிட்ட மாட்டினீங்கன்னா ரெண்டு மழைக்குள்ள மறுபடியும் கொப்புளம்.

ஸ்பேனர்14:
படி போனாலும் செய்யலாம்னுதானே நீங்களே சொல்றீங்க!

வெல்டிங்ராடு:
செய்யலாம். ஒரு பக்கப் படி, தரையில ரெண்டு ஒட்டு, சரி. பட்டை மாட்டுற முனையும் போயிருந்தா வேணாம்கிறேன். அந்த இடத்துலதான் பின்பக்க மொத்த எடையும் உட்காருது. ஒட்டுப்போட்ட இடம் ஓட்டத்துல விட்டா ஆக்சிலே நகரும்.

கணக்கன்:
பிரேக்கை யாரும் பேசவில்லை. நாலும் டிரம். வெள்ளத்துக்குப் பிறகு ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும், பிரேக் ஆயில் வருடக்கணக்கில் ஈரம் இழுத்திருக்கும், சிலிண்டர் உட்சுவர் குழி விழுந்திருக்கும். ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் ஒரு மாதத்தில் மறுபடி கசியும். ஒற்றை இணைப்பு பிரேக் என்றால் ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நாலு சக்கரமும் போச்சு. அப்புறம் 20 சதவீத எத்தனால் பெட்ரோல். 1986 ரப்பர் அதற்குச் செய்யப்பட்டதா?

ஸ்பேனர்14:
இல்லைதான். அதுக்காக வண்டியை உடைக்க வேணாமே. பெட்ரோல் குழாய் மொத்தமும் எத்தனால் தாங்குற வைட்டான் ரப்பருக்கு மாத்தணும், பம்ப் டயாபிரமும் (உள்ளே இருக்கிற சவ்வு) சோலெக்ஸ் கார்புரேட்டர் டயாபிரமும் அதே மாதிரி வகையில போடணும், மெயின் ஜெட் (கார்புரேட்டர்ல பெட்ரோல் போற துளை) ஒரு சைஸ் பெருசு. ஜெட் மாத்தலைன்னா கலவை மெலிஞ்சு சூடு ஏறும். இதுல அலுமினிய ஹெட், சூடேறினா வளையும், கேஸ்கட் போகும். எத்தனால் ஈரம் இழுக்கும், அதனால டாங்க்கை அரையாவே வச்சு மாசக்கணக்கா நிறுத்தக்கூடாது. பிரேக்ல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி: மாஸ்டர் சிலிண்டர், எல்லா வீல் சிலிண்டர், இரும்புக் குழாய், எல்லாமே புதுசு. கஞ்சத்தனம் அங்க வேணாம்.

உப்புக்காற்று:
ஓட்டவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம் என்றொரு வழி உண்டு. கொட்டகை மண்தரை, அதுதான் எதிரி. மேலே தார்ப்பாய் போட்டால் மண்ணின் ஈரம் ஏறி, போக வழியில்லாமல் வண்டிக்கு அடியில் சொட்டும். தார்ப்பாயை எடுத்துவிட்டு சிமெண்ட் தரையில் நாலு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். படியின் அடித்துளைகளைக் கம்பியால் திறந்து, பிரஷர் தண்ணீரால் சேற்றை வெளியே தள்ளி, நாலைந்து வெயில் காயவிட்டு, துரு மாற்றியும் (துருவை முடக்கும் ரசாயனம்) பிறகு மெழுகும் உள்ளே பீய்ச்சுங்கள். இரண்டு வருடம் யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

வெல்டிங்ராடு:
இதை ஒத்துக்கிறேன். ஆனா துரு மாத்தி ஓட்டையை அடைக்காது.

பெண்ணைக்கரை:
பார்த்துவிட்டேன். வலது படி கெட்டி. இடது படியில் இரண்டு இடத்தில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனது, முன்பக்க ஜாக்கி இடத்துக்கு அருகே. பட்டை முனைகள் இரண்டும் கெட்டி. இடதுபின் ஜாக்கி ஏற்றியபோது பின்கதவு இடைவெளி மேலே 5 மி.மீ.இலிருந்து 3க்கு வந்தது, கதவு திறந்தது. பின் ஆக்சில் ஆயில் பால் டீ நிறம். சம்பில் அரை டம்ளர் தண்ணீர். எஞ்சின் இரண்டு பக்கமும் கால் சுற்று அசைகிறது. ஆர்சி 2011இல் முடிந்திருக்கிறது.

ஸ்பேனர்14:
கால் சுத்து வந்தாச்சுன்னா மிச்சமும் வரும். அவசரப்படாம இன்னொருதடவை ஊத்துங்க. பின் ஆக்சில் ஆயிலை வடிச்சிட்டு, டீசல் விட்டு அலசி, மறுபடியும் வடிச்சு, புது ஆயில். பேரிங்ல துரு புள்ளி இருக்கான்னு பார்க்கணும்.

கணக்கன்:
ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் சேஸிஸ் எண் படிக்கிறதா என்று பென்சில் தேய்த்துப் பாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் மற்றதெல்லாம் வீண். வாரிசுச் சான்றில் அம்மா, தம்பி இருவர் பெயரும் வரும், தம்பியின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் படிவம் 31 நகராது.

பெண்ணைக்கரை:
எண் தெளிவாக இருக்கிறது. தம்பி கையெழுத்துப் போடுகிறேன் என்கிறான், காசு தரமாட்டானாம். இடது படியை மட்டும் வில்லியனூர் பக்கம் ஒரு வெல்டரிடம் காட்டப்போகிறேன்.

வெல்டிங்ராடு:
பேட்டரி, பெட்ரோல் டாங்க் ரெண்டையும் கழட்டி வெளிய வச்சிட்டுத்தான் மிஷினை ஆன் பண்ணணும்னு அவர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. காலி டாங்க்தான் நிறைஞ்ச டாங்க்கைவிட ஆபத்து.