1974 மொனாக்கோவை போலீஸ் வண்டியாக்குகிறேன், கூரையில் விளக்கு வைக்கலாமா?

மாசிவீதிக்காரன்:
அண்ணன்மார்களே, அத்தை மகன் டெக்சாஸிலிருந்து வந்தபோது ஒரு டாட்ஜ் மொனாக்கோ, அதாவது பழைய அமெரிக்கக் காரின் பொம்மை மாடல், கொண்டுவந்து கொடுத்தான். 1:24 டை-காஸ்ட் (நிஜ வண்டியில் 24-ல் ஒரு பங்கு அளவு, உலோக வார்ப்பு), முழுக்கப் பழுப்பு நிறம், பார்த்தால் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் வண்டி மாதிரி இருக்கிறது. அதைக் கலிபோர்னியா ஹைவே பட்ரோல், அதாவது அந்த மாநில நெடுஞ்சாலைப் போலீஸ், வண்டியாக மாற்றப் போகிறேன். பழைய பெயின்ட் மேலேயே அடிக்கலாமா? இங்கே நம்பர் பிளேட் ஒட்டும் கடையில் அந்தப் போலீஸ் வண்டிக் கதவில் இருக்கும் நட்சத்திரச் சின்னத்தை ரேடியம் ஸ்டிக்கரில் வெட்டி வாங்கினேன், அது தடிமனாக இருப்பதால் கதவு இடுக்கில் உட்காராமல் எழும்பி நிற்கிறது. அப்புறம், ஒரு உடைந்த பொம்மையிலிருந்து சிவப்பு நீல விளக்குப் பட்டை கழற்றி வைத்திருக்கிறேன். கூரையில் ஒட்டினால் சரியா வரும்தானே?

உப்புத்தாள்:
தம்பி, பழைய பெயின்ட் மேல் அடித்தால் கதவுக் கோடுகள் எல்லாம் அடைந்துபோகும். அடியில் இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, கண்ணாடி, பம்பர், சீட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உலோக உடம்புக்கு மட்டும் பெயின்ட் ரிமூவர் போடுங்கள். நான் முதல் வண்டியில் சோம்பேறித்தனமாகக் கண்ணாடியோடு தின்னரில் நனைத்தேன், அது தயிர் மாதிரி வெளுத்துப் போச்சு. பிறகு பிரைமர், அது காய்ந்ததும் உடம்பு முழுக்க வெள்ளை. வெள்ளை நன்றாக இறுகிய பிறகு கூரையையும் கதவையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டுக் கருப்பு அடியுங்கள். தலைகீழாகச் செய்தால் கருப்பை மறைக்க வெள்ளை நாலு கோட் கேட்கும். முக்கியமாக, நம்ம ஊர் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் மத்தியானம் ஸ்ப்ரே பண்ண வேண்டாம், பெயின்ட் காற்றிலேயே காய்ந்து உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக விழும். காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழை ஈரத்தில் அடித்தாலும் மேலே பால் படிந்த மாதிரி மங்கும்.

ரேடியத்தைத் தூக்கிப் போடுங்கள். தண்ணீரில் நனைத்து நழுவவிடும் டெக்கால் தாளில் பிரின்ட் எடுங்கள். சாதாரண பிரின்டரில் வெள்ளை மை கிடையாது, ஆனால் உங்கள் கதவே வெள்ளை என்பதால் அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை. நட்சத்திரத்துக்கு ஏழு முனை, எண்ணிப் பார்த்து வரையுங்கள், ஐந்து முனையில் வெட்டிக் கொடுத்துவிடப் போகிறார்கள்.

வைகைக்கரை:
விளக்குப் பட்டை வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்துக் கலிபோர்னியா ரோந்து வண்டிகள் பெரும்பாலும் கூரையில் விளக்கே இல்லாமல் மொட்டையாகத்தான் ஓடின. அந்த மாநிலச் சட்டப்படி முன்பக்கம் அணையாமல் எரியும் ஒரு சிவப்பு விளக்கு, 1,000 அடிக்கு அப்பாலிருந்து தெரிய வேண்டும். அதற்கு முன் கண்ணாடி ஓரத்து ஸ்பாட் லைட்டிலேயே சிவப்புக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். தூரத்தில் பார்த்தால் ஏதோ குடும்ப வண்டி, நம் வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியில் சிவப்பு தெரியும்போது போலீஸ்காரன் பின்னாலேயே வந்திருப்பான். 440 கன அங்குல என்ஜின், அதாவது 7.2 லிட்டர், அந்த வண்டிக்குத் தலையில் கிரீடம் எதற்கு?

நிஜ ஸ்பாட் லைட் அரை அடி அகலம், 24-ல் வகுத்தால் ஆறு மில்லிமீட்டர் சொச்சம். 3 மில்லிமீட்டர் சிவப்பு எல்ஈடி தாராளமாக உள்ளே போகும். சிஆர்2032 பட்டன் பேட்டரி ஒன்று, நடுவில் 100 ஓம் ரெசிஸ்டர், முடிந்தது. பளபளா அலாய் வீல் இருந்தால் அதையும் மாற்றுங்கள், நடுவில் சின்ன மூடி மட்டும் உள்ள இரும்பு ரிம்தான் போலீஸ் வண்டிக்கு.

சும்மாவந்தவன்:
அவர் வண்டி, அவர் இஷ்டம். வீட்டுக்கு வருகிறவர்கள் இது அம்பாசடரா என்றுதான் கேட்கப் போகிறார்கள், விளக்கு இருந்தால் போலீஸ் என்றாவது புரியும்.

மாசிவீதிக்காரன்:
அம்பாசடரா என்று அப்பா ஏற்கெனவே கேட்டுவிட்டார்! நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்தேன், ஐந்து முனைதான், உப்புத்தாள் அண்ணன் வாய்முகூர்த்தம். ஸ்பாட் லைட் யோசனைதான் பிடித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பிரிக்கிறேன். விளக்குப் பட்டையை அக்கா பையன் தன் டிராக்டரில் ஒட்டிக்கொண்டான், இனி கேட்டாலும் தர மாட்டான்.