கோவெல் விழுந்திருந்தால் ஜார் ஆட்சி பிழைத்திருக்குமா?

கேள்வி:
முதல் உலகப் போரில், 1916 ஜூன் 4 அன்று ரஷ்யத் தளபதி புருசிலோவ் தொடங்கிய தாக்குதலில் ஆஸ்திரியப் படை சிதறி, சில நாட்களிலேயே லூட்ஸ்க் நகரம் விழுந்தது. அப்படியே கோவெல் ரயில் சந்திப்பையும் பிடித்து, ஆஸ்திரியாவைப் போரிலிருந்தே வெளியேற்றியிருந்தால் 1917 புரட்சி நடந்திருக்குமா?

பதில் 1:
கோவெலைப் பிடிக்க நல்ல வாய்ப்பு இருந்தது. புருசிலோவின் நான்கு படைகளும் பல இடங்களில் ஒரே சமயத்தில் மோதியதால், கையிருப்புப் படையை எங்கே அனுப்புவதென்று எதிரிக்குத் தெரியவில்லை. பதுங்குகுழிகளை முன்னோக்கித் தோண்டிக்கொண்டே போய், பல இடங்களில் எதிரிக்கு நூறு மீட்டர் அருகில் வரை நெருங்கிவிட்டுத்தான் பாய்ந்தார்கள். ஆனால் திட்டப்படி முக்கிய அடி வடக்கே இன்னொரு ரஷ்யத் தளபதி எவெர்ட் கொடுக்க வேண்டியது. அவர் நாள் தள்ளித் தள்ளி, ஜூலையில் பரனோவிச்சியில் மோதித் தோற்றார். அதற்குள் ஜெர்மானியர் ரயிலில் படையை ஏற்றிக் கோவெலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பதில் 2:
புரட்சி வெடித்தது தலைநகர் பெட்ரோகிராடின் ரொட்டித் தட்டுப்பாட்டில். கோவெலைப் பிடித்திருந்தாலும் அங்கே ரொட்டி வந்திருக்காது. நாட்டில் தானியம் இருந்தது, பெரும்பாலும் தெற்கில். ஆலைகள் போர்த் தளவாடம் செய்துகொண்டிருந்ததால் விவசாயி வாங்க ஆணிகூடக் கிடைக்கவில்லை. மதிப்பிழந்த ரூபிளுக்கு அவன் ஏன் கோதுமையை விற்கப்போகிறான்? விற்றதை ஏற்றிவரவும் ரயில் போதவில்லை. இன்னொன்று: புருசிலோவின் வெற்றியைப் பார்த்துத்தான் ஆகஸ்டில் ருமேனியா போரில் குதித்தது. டிசம்பரில் புக்காரெஸ்ட் விழுந்ததும், ரஷ்யா காக்க வேண்டிய போர்முனை கருங்கடல் வரை நீண்டது. அரைகுறை வெற்றி சுமையைத்தான் கூட்டியது.

பதில் 3:
ரொட்டிக்கலகம் அரசைக் கவிழ்க்க, படையும் கைவிட வேண்டும். 1905 டிசம்பரில் மாஸ்கோ எழுச்சியை அடக்கியது செம்யோனோவ்ஸ்கி மெய்க்காவல் ரெஜிமென்ட். அந்த மெய்க்காவல் படைகளைத்தான் 1916 கோடையில், கோவெலுக்கு முன்னால் ஸ்டோகோட் ஆற்றுச் சதுப்பில் இறக்கிப் பலிகொடுத்தார்கள். பெட்ரோகிராடில் மிஞ்சியவை அவற்றின் ரிசர்வ் பட்டாலியன்கள்: புதிதாய்ச் சேர்ந்தவர்கள், காயம் ஆறிக்கொண்டிருந்தவர்கள். பழைய நாட்காட்டிப்படி 1917 பிப்ரவரி 26 அன்று ஸ்னாமென்ஸ்கயா சதுக்கத்தில் கூட்டத்தைச் சுட்ட, அப்படியொரு பட்டாலியனான வோலின்ஸ்கியின் பயிற்சிப் பிரிவே, மறுநாள் காலை தன் அதிகாரியைக் கொன்றுவிட்டுத் தெருவில் இறங்கியது. ஜூனிலேயே கோவெல் கைக்கு வந்திருந்தால் ஸ்டோகோட் சாவுகளுக்கே வேலையில்லை. என் கணக்கில், அந்த வெற்றியால் ஜாருக்குக் கிடைத்திருக்கக்கூடிய பெரிய லாபம் இதுதான்.

பதில் 2:
அதை ஏற்கிறேன். ஆனால் உயிரோடிருந்தாலும் அவர்கள் போர்முனையில்தானே இருந்திருப்பார்கள்? கலகத்தை அடக்க, மொகிலேவ் ராணுவத் தலைமையகத்திலிருந்து ஜார் அனுப்பிய ஜெனரல் இவானோவின் படை, பெட்ரோகிராடுக்குப் பக்கத்து ஜார்ஸ்கோயே செலோவைத் தாண்டவில்லை. விசுவாசமான ரெஜிமென்ட் பிப்ரவரி 26 அன்றே நகருக்குள் இருந்தால்தான் உங்கள் கணக்கு சரிவரும்.