ஒலுவில் துறைமுகம்: மண்ணை அள்ளினால் சரியாகிவிடுமாம்!

கரைவலை: நேற்று இங்கே ஒருவர், "ஒலுவில் துறைமுகம் நல்ல திட்டம்தான், பராமரிப்புத்தான் பிழைத்தது, துறைமுக வாயை மூடியிருக்கும் மண்ணை அள்ளினால் சரி" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். வாசித்ததும் தேத்தண்ணி இறங்கவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையில், டென்மார்க் கடனில் கட்டி 2013இல் திறந்த துறைமுகம் அது. அள்ளுகிற மண்ணை எங்கே கொட்டுவாராம்?

கட்டுமானப்பிரியன்: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே ஏசலாம். துறைமுகம் என்றால் மண் சேரும், ஆழமாக்க வேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் எடுப்பதுதான் நிலைபேறான திட்டம்.

கரைவலை: நிலைபேறு! நம் கரையில் மண் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். குறுக்கே கடலுக்குள் துறைமுகத்தின் கல் தடுப்பை நீட்டினால் தெற்கே தேங்கும், வாயும் மூடும். வடக்கே மண் போகாது, கடல் கரையைத் தின்னும். வடக்கே இருக்கும் நிந்தவூர்ப் பக்கம் ஒருக்கா நடந்து பாருங்கள். வேர் மேலே, குருத்து தண்ணீருக்குள், அப்படிக் கிடக்கின்றன தென்னைகள். மண்ணை எங்கே கொட்டுவீர்கள்?

பாலமுனை மச்சான்: தென்னை சுனாமியிலும் விழுந்ததுதானே காக்கா.

கரைவலை: சுனாமி ஒரு நாள் வந்து போனது தம்பி. இது தினமும் வருகிறது. கேள்வி உங்களிடம் இல்லை.

கட்டுமானப்பிரியன்: தெற்கே சேர்வதைக் குழாய் வழியே வடக்குக் கரைக்குக் கடத்தலாம். வெளிநாடுகளில் செய்கிறார்கள்.

கரைவலை: மண் கடத்தல் நமக்குப் புதிதா? ஆற்றில் டிப்பர் டிப்பராய் நடக்கிறதே.

பாலமுனை மச்சான்: டிப்பரை ஏன் இழுக்கிறீர்கள்? என் மச்சினனிடம் பெர்மிட் இருக்கிறது.

கரைவலை: யாரும் உங்கள் மச்சினனைச் சொல்லவில்லையே. தொப்பி அளவாக இருக்கிறதோ?

வாவிக்கரை: எனக்கு ஒரு சந்தேகம். போன வருடத்து டூர்னமெண்ட் கணக்கை இன்னும் காட்டாத கட்டுமானப்பிரியனா பராமரிப்புச் செலவு பற்றி வகுப்பெடுக்கிறார்?

கட்டுமானப்பிரியன்: அந்தக் கணக்கு பொருளாளரிடம். பந்து வாங்கிய பில் மட்டும்தான் என்னிடம்.

வாவிக்கரை: எத்தனை பந்து?

கரைவலை: பந்தை விடுங்கள். குழாய் போட்டால் வருடா வருடம் டீசலுக்கு யார் காசு? கடனையே நாம்தான் கட்ட வேண்டும்.

கட்டுமானப்பிரியன்: கடலைப் பற்றி நீங்கள் மட்டும்தான் படித்தீர்களோ?

கரைவலை: படிக்கவில்லை, இழுத்தேன். 20 வருடம் வலை. மண்ணை எங்கே கொட்டுவது என்று இன்னும் சொல்லவில்லை.

கட்டுமானப்பிரியன்: வடக்கே என்று சொல்லிவிட்டேன், மேலே போய் வாசியுங்கள்.

வாவிக்கரை: எத்தனை பந்து என்றுதான் கேட்டேன்.