செயலியில் ஓடாத செயலி: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதியோருக்கான கணினி வகுப்புக்கு 16 பக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பலகைக்கணினியில் (டேப்லெட்டில்) எந்தச் செயலிகளை வைத்துக்கொள்ளலாம், எவற்றை ஒதுக்கலாம் என்பதுதான் பொருள். 12ஆம் பக்கம் வரை தொல்லையில்லை. அப்புறம் இந்த வரி வந்து வழியை மறிக்கிறது:

"சில செயலிகள் 64 பிட் செயலியில் மட்டுமே இயங்கும். ஆகவே செயலியை நிறுவும் முன் உங்கள் செயலி எது என்று பாருங்கள்."

எழுதியவள் நான்தான். மறுநாள் காலையில் படித்தபோது எனக்கே புரியவில்லை. ஒன்று மென்பொருள், மற்றது உள்ளே உட்கார்ந்திருக்கும் சில்லு; அது ஒரே மூச்சில் கையாளும் தரவின் அளவுதான் 64 பிட். நுண்செயலி என்று படித்தோம், சொற்செயலி என்று எழுதினோம்; கைபேசி வந்ததும் அதே சொல்லைத் தூக்கிக் கைபேசி மென்பொருளுக்கும் கொடுத்துவிட்டோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டில் ஒன்றுக்கு வேறு சொல் தாருங்கள், புண்ணியமாகப் போகும்.

நிரலாளர் எழுதியது:

அம்மா, வரியையே வெட்டிவிடுங்கள். 2017இல் ஐபோன், ஐபேடுகளின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 வந்தபோது பழைய 32 பிட் செயலிகள் ஒட்டுமொத்தமாக நின்றுபோனது உண்மைதான். ஆனால் இன்று சாதனத்துக்கு ஒத்துவராததை நிறுவப் போனால் பெரும்பாலும் செயலிக் கடையே தடுத்துவிடும். பாட்டி எதற்குப் பிட் எண்ண வேண்டும்? அதைவிட, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று ஆண்டுகளாகக் கைபடாத செயலி என்றால் யோசிக்க வேண்டும். கைபேசிக்கென்று செய்ததைப் பெரிய திரையில் இழுத்து விரித்துக் காட்டும் செயலிகளும் உண்டு. அதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரியாவது இருக்கிறதா?

மொழிபெயர்ப்பாளர்:

இருக்கிறது, 9ஆம் பக்கம். வெட்ட எனக்கு உரிமையில்லை தம்பி. மூலத்தில் உள்ளது எல்லாம் தமிழிலும் வர வேண்டும் என்று ஒப்பந்தம்.

தமிழாசிரியர் எழுதியது:

சிக்கலின் வேர் இகர விகுதியில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் சொல் தேடுவது வீண்.

விறகுவெட்டி ஆள். மண்வெட்டி கருவி. இரண்டிலும் அதே வெட்டி. சேர்ந்தாரைக்கொல்லி என்றால் தான் கொல்வது. ஊருணி என்றால் ஊரால் உண்ணப்படுவது. ஆக இந்த இகரம் செய்பவனையும் காட்டும், செய்யும் கருவியையும் காட்டும், செயலை வாங்கிக்கொள்வதையும் காட்டும். இத்தோடு, செயல் என்பது பெயர். பெயர்மேல் இகரம் வந்தால் நாற்காலிபோல 'உடையது' என்றாகும். செயலை உடையது எதுவும் செயலிதான். என் வீட்டு மாவரைக்கும் இயந்திரமும் செயலி. எனவே சொல் தவறு செய்யவில்லை. அதன்மேல் இரண்டு சுமை ஏற்றியவர்கள் நாம்.

என் பரிந்துரை: சில்லுக்குச் செயலி என்பது மூத்த வழக்கு, அப்படியே இருக்கட்டும். மென்பொருளுக்குப் 'பணியி' என்று வைக்கலாம்.

அகராதிப் பித்தர் எழுதியது:

ஐயா, பணியி என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள், பனி என்றுதான் காதில் விழும். குறுஞ்செயலி என்று சிலர் எழுதுவது எனக்குப் பிடிக்கும். ஆனால் சில குறுஞ்செயலிகள் நான்கு ஜிபி இடம் பிடிக்கின்றன, குறுமை எங்கே?

பலருடைய திரையில் இப்போது 'ஆப்ஸ்' என்று வருகிறது, கவனித்தீர்களா? ஒருமைக்கும் அதுதான். 'இந்த ஆப்ஸ்' என்று படிக்கும்போதெல்லாம் பல் கூசுகிறது. ஆப்பு என்றே எழுதினால் தமிழ் ஓசையாவது இருக்கும். கண்டதை நிறுவிக்கொண்டு விழிப்பவருக்கு ஆப்பசைத்த குரங்கின் கதை ஞாபகத்துக்கு வரும், கையேட்டின் நோக்கமும் நிறைவேறும்.

வகுப்பு நடத்துபவர் எழுதியது:

இந்தக் கையேடு என் வகுப்புக்குத்தான் வருகிறது, அதனால் கொஞ்சம் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

என் மாணவர்கள் யாரும் செயலி என்றும் சொல்வதில்லை, ஆப்பு என்றும் சொல்வதில்லை. 'கட்டம்' என்கிறார்கள். "எந்தக் கட்டத்தைத் தொடணும்?" அவ்வளவுதான். திரையில் கட்டம் கட்டமாகத்தானே இருக்கிறது.

அவர்கள் தடுக்கி விழுவது வேறு ஒரு சொல்லில்: அனுமதி. டார்ச் விளக்குச் செயலி ஒன்று தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்கிறது. விளக்கு எரிய அது எதற்கு? ஆனால் ஒரு அம்மா எல்லாவற்றுக்கும் 'அனுமதி' என்றே அழுத்தியிருந்தார். ஏன் என்று கேட்டேன். "மரியாதையாக் கேட்குது, முடியாதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார். ஆண்ட்ராய்டு 6.0 முதல், அதாவது 2015 முதல், இப்படி ஒவ்வொன்றாகக் கேட்கும் முறை வந்தது நல்லதுதான். ஆனால் மறுக்கலாம் என்பது அந்தச் சொல்லில் தெரியவில்லை. முடிந்தால் அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

தமிழாசிரியர்:

அனுமதி வடசொல். இசைவு என்று போடுங்கள். இசைவு என்றாலே மறுப்பும் உண்டு என்பது உட்கிடை.

வகுப்பு நடத்துபவர்:

இசைவு போட்டுப் பார்த்தேன் ஐயா, போன மாதம். பாட்டுக் கேட்கும் செயலியா என்று கேட்டார்கள்.

தமிழாசிரியர்:

அது பயிற்சியின் குறை, சொல்லின் குறையன்று. ஆனால் கட்டம் என்று சொன்னீர்களே, அருமை! கட்டு என்னும் வினையடியில் பிறந்த சொல்லாக இருக்கலாம். தாயக்கட்டம், கட்டம் போட்ட சேலை என எங்கும் புழங்குவது. மக்கள் வாயில் விளைந்த சொல்லை விட்டுவிட்டு நாம் இங்கே விகுதி பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

நிரலாளர்:

"இந்தக் கட்டத்தில் என்ன செய்வது" என்று எழுதினால் நெருக்கடியில் இருக்கிறார் என்று பொருளாகிவிடும் ஐயா. விரிதாளில் இருப்பதும் கட்டம்தான்.

போகிற போக்கில் ஒன்று. நேற்று கையேட்டின் மூலப் பக்கம் ஒன்றை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தேன். "மாத்திரையை முழுமையாக சார்ஜ் செய்து பயன்படுத்தவும்" என்று வந்தது. உணவுக்கு முன்பா பின்பா என்று சொல்லவில்லை.

தமிழாசிரியர்:

சிரிக்க வேண்டாம். மாத்திரை நமக்குக் கால அளவு: கண்ணிமைக்கும் பொழுது, கைந்நொடிப் பொழுது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. சில்லின் வேகத்தைக்கூட அதில் அளக்கலாமே?

நிரலாளர்:

இரண்டு கிகாஹெர்ட்ஸ் சில்லு நொடிக்கு 200 கோடி முறை துடிக்கும் ஐயா. ஒரு குறிலைச் சொல்லி முடிப்பதற்குள் ஆண்டவருக்கே கணக்குத் தப்பிவிடும்.

அகராதிப் பித்தர்:

பலகைக்கணினி என்ற பெயரைப் பற்றி யாரும் சண்டை போடாதது வியப்பு. எனக்குச் சங்கப்பலகைதான் நினைவுக்கு வரும். தகுதியுள்ள புலவருக்கு மட்டும் இடம் கொடுத்ததாம் அந்தப் பலகை. 32 ஜிபி பலகையும் அப்படி நடந்துகொண்டால் இந்தக் கையேடே வேண்டியிருக்காது.

கணினியில் நடுவே அந்த னகரம் எப்படி நுழைந்தது என்று கேட்கலாம்...

மொழிபெயர்ப்பாளர்:

வேண்டாம்! அந்தச் சண்டை போன தடவை இரண்டு மாதம் ஓடியது. இன்று புதன்.

சில்லுக்கு வேறு பெயர் வைப்பதுதான் எளிது என்று படுகிறது. கையேட்டில் அது மூன்றே இடத்தில் வருகிறது. மென்பொருளைக் குறிக்கும் செயலி 140 இடத்தில். இலங்கை வழக்கில் முறைவழியாக்கி என்பார்கள், சொல் பொருத்தம்தான். ஆனால் என் பக்க அமைப்பில் கட்டத்தை விட்டு வெளியே வழிகிறது. வெறும் சில்லு என்றால் நினைவகமும் சில்லுதானே என்று நிரலாளர் தனிமடலில் எழுதினார். ஆகவே 'ப்ராசஸர்' என்று அப்படியே விட்டுவிடலாமா?

இன்னொன்று. செயலி இலவசம், உள்ளே போனதும் காசு கேட்கும், அதற்கு என்ன சொல்வது? 'உள்வாங்கல்' என்று ஒருவர் சொன்னார். கடல் உள்வாங்கிய மாதிரி இருக்கிறது.

வகுப்பு நடத்துபவர்:

"உள்ளே காசு கேட்கும்" என்றே போடுங்கள். எல்லாவற்றுக்கும் பெயர்ச்சொல் வேண்டுமா என்ன? அனுமதிக்கும் அப்படியே: "கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை" என்று பக்கத்தில் ஒரு வரி.

தமிழாசிரியர்:

ப்ராசஸர் என்று மெய்யெழுத்தில் சொல் தொடங்குவதா? குறைந்தது பிராசசர் என்றாவது எழுதுங்கள். எழுதினாலும் நான் ஏற்கவில்லை. மூத்த பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு இளையவனுக்குப் பெயர் கொடுக்கிறீர்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

சரி, எண்ணிப் பார்த்தேன். தனிமடல்களையும் சேர்த்து மென்பொருளுக்குச் செயலி, சில்லுக்குப் பிராசசர் என்பதற்கு ஆறு பேர். முறைவழியாக்கிக்கு இரண்டு. ஆப்புக்கு ஒன்று (அவரே தான்). பணியிக்கு ஐயா மட்டும். இப்படியே அனுப்புகிறேன், இனி தாங்காது. காசு கேட்கும் வரி அப்படியே போகிறது. அனுமதி அனுமதியாகவே இருக்கும், பக்கத்தில் அந்த வரியோடு.

தமிழாசிரியர்:

பெரும்பான்மை சொல்லை ஆக்காது. பிராசசர் என்று அச்சேறும் நூலில் நன்றியுரையில் என் பெயரைப் போட வேண்டாம் அம்மா.

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, முதல் நான்கு பக்கங்கள் நேற்றே அச்சுக்குப் போய்விட்டன. நன்றியுரை இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.