சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரே நாவல்: ‘தி ஹோம் மேக்கர்’ படித்தவர்களின் அனுபவங்கள்

மதுரை வாசகி

டாரத்தி கேன்ஃபீல்ட் ஃபிஷர் எழுதிய இந்தக் கதையை நாம் எல்லோரும் ஒரே வார இறுதியில் படித்து முடித்திருப்பதால், சுருக்கம் சொல்லாமல் நேரே அந்த முட்டை அடிக்கும் கருவிக்கு வந்துவிடுகிறேன். இரண்டு நாளாகியும் அந்தப் பக்கங்கள் என்னை விட்டு அகலவில்லை. கூரையிலிருந்து விழுந்து கால்கள் செயலிழந்தபின், மனைவி ஈவாஞ்சலின் (ஈவா) கடை வேலைக்குப் போக, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் லெஸ்டர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். வீட்டிலேயே அடங்காப்பிடாரி என்று பெயரெடுத்த கடைக்குட்டி ஸ்டீஃபன் அந்தக் கருவியை எடுத்து வைத்துக்கொண்டு சுற்றிப் பார்க்கிறான். ஒரு கை அசையாமல் பிடித்திருக்க வேண்டும், மற்றொரு கை மட்டும் சுற்ற வேண்டும் என்பது பெரியவர்களாகிய நமக்கு ஒரு பொருட்டே அல்ல. அந்தச் சின்ன உடம்புக்கோ அது மலையைப் புரட்டும் வேலை. தகப்பன் வாய் திறக்கவில்லை, கை நீட்டவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறான். அடம்பிடிக்கும் குழந்தை என்று இதுவரை எல்லோரும் திட்டிய அதே பிடிவாதம்தான் இங்கே விடாமுயற்சியாக நிற்கிறது என்பது அவனுக்குத் தெரிய வருகிறது.

சனிக்கிழமை மதியம் நான் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, என் பேத்தி எதிரில் உட்கார்ந்து தன் சட்டைப் பொத்தானைத் தானே போட முயன்றுகொண்டிருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்து, அது நழுவி, மறுபடியும் நுழைத்து, இப்படியே நெடுநேரம் போனது. என் கை தானாக நீண்டது. புத்தகம் மடியில் இருந்ததனால் அது பாதியிலேயே நின்றுவிட்டது. ஒரு நாவல் என் கையைப் பிடித்து நிறுத்தியது அன்றுதான்.

இந்த நாவலாசிரியர் ரோமுக்குச் சென்று, குழந்தைகள் தாமே செய்து கற்கும் கல்விமுறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியின் பள்ளியைப் பார்த்து, 1912இல் அமெரிக்கத் தாய்மார்களுக்காக அதைப் பற்றி ஒரு நூலும் எழுதியவர். அதை அறிந்த பிறகு இந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்பது விளங்குகிறது. அதே மாண்டிசோரி அம்மையார் 1939இல் நம் அடையாற்றுக்கு வந்து பயிற்சி வகுப்புகள் நடத்தியவர் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன்.

சேலம் வாசகி

மதுரை அம்மா முட்டைக் காட்சியைச் சொல்லிவிட்டார்கள். என்னை உறுத்திக்கொண்டிருப்பது மாட்டி ஃபார்னம் என்ற அந்த உறவுக்கார அம்மாள் வீட்டுக்கு வரும் காட்சி.

என் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் நான் படிக்கப் படிக்கக் கதையைத் தமிழில் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்டளை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு வந்தேன். மாட்டி உள்ளே நுழைகிறாள். லெஸ்டர் பிள்ளைகளின் காலுறை ஓட்டைகளுக்கு இழையோட்டிக்கொண்டிருக்கிறான். ஓர் ஆண்பிள்ளை இதைச் செய்வதா என்று அவள் பதறுகிறாள். இத்தனை ஆண்டுகளாக இதை ஈவா செய்துகொண்டிருந்தபோது உங்களுக்கு வராத பதற்றம் இப்போது மட்டும் ஏன் வருகிறது என்ற பொருளில் அவன் பதில் சொல்கிறான். மாமியார் கையில் இருந்த காயைத் தட்டில் போட்டுவிட்டு, “அந்தப் பையனுக்குக் கால் சரியாயிடுமா?” என்று கேட்டார். சரியாக வேண்டுமே என்ற கவலை அந்தக் குரலில் இல்லை. சரியாகித் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெரிய குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டவர் அவர். அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை, ஏனென்றால் முடிவை நானும் அப்போது படித்திருக்கவில்லை.

ஓய்வுபெற்ற மருத்துவர், சென்னை

சேலம் அம்மையாரின் மாமியார் கேட்டது கதைக்குள் நியாயமான கேள்விதான் என்றாலும், அதற்கு நாவல் தரும் விடையை என்னால் ஏற்க முடியவில்லை. ஞாயிறு விடியற்காலையில் கடைசி அத்தியாயத்தை முடித்தபோது எனக்கு வந்தது எரிச்சல்தான். கூரையிலிருந்து விழுந்த ஒருவனுக்குக் கால்கள் செயலற்றுப் போய், பின்னர் தூக்கத்தில் அசையத் தொடங்குவதில் வியப்பு ஏதும் இல்லை. மனம் உடம்பைக் கட்டிப்போடுவதை என் பணிக்காலத்தில் நானே கண்டிருக்கிறேன். ஆனால் பரிசோதித்துப் பார்த்த டாக்டர் மெரிட், நோயாளியின் கண் ஜாடையைப் புரிந்துகொண்டு, இவன் இனி ஒருக்காலும் நடக்கக் கூடாது என்று குடும்பத்தாரிடம் வந்து சொல்கிறாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நோயாளி கேட்டுக்கொண்டார் என்பதற்காக ஒரு மருத்துவர் வாழ்நாள் முழுவதற்குமான ஒரு பொய்யைச் சொல்லலாமா? மனைவி கடையில் வேலைக்குப் போக, கணவன் வீட்டைப் பார்த்துக்கொள்ள, இதற்கு ஒரு முடமான கால் சாட்சியாக நிற்க வேண்டும் என்றால், ஆசிரியருக்குத் துணிவு அந்த அளவோடு நின்றுவிட்டது என்றுதான் நான் சொல்வேன். இது அறுவைச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தையல் போட்டது போன்ற முடிவு.

பழைய புத்தகக்காரர், திருச்சி

நான் சனிக்கிழமை இரவு ரயிலில், கைப்பேசியில் படித்தேன்; எதிர் இருக்கைக்காரர் விளக்கை அணைக்கச் சொன்ன இடத்தில் லெஸ்டர் கூரையில் ஏறிக்கொண்டிருந்தான். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் அடுத்த முறை இப்படிச் சேர்ந்து படிக்கும்போது சிலவற்றை நாம் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று தோன்றுவதால் எழுதுகிறேன். முதலாவது, மறுபதிப்பின் முன்னுரையைக் கதைக்கு முன்னால் யாரும் படிக்க வேண்டாம். இத்தகைய முன்னுரைகள் பெரும்பாலும் முடிவைப் போட்டு உடைத்துவிடுகின்றன. இரண்டாவது, விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. நாவல் 1924இல் வந்தது. அமெரிக்காவில் 2020 முதல் அதற்குக் காப்புரிமை இல்லை. ஆனாலும் வாய்ப்புள்ளவர்கள் லண்டன் பெர்செஃபனி பதிப்பகம் 1999இல் தன் 7ஆவது நூலாகக் கொண்டுவந்த சாம்பல் நிற அட்டைப் பதிப்பை ஒரு முறையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அட்டையில் படம் எதுவும் கிடையாது. திறந்தால் உள்தாளில் மட்டும் அந்தந்த நூலின் காலத்துத் துணி ஒன்றின் வண்ணக்கோலத்தை அச்சிட்டிருப்பார்கள். நிக்கோலா போமன் என்ற அம்மையார் தொடங்கிய இந்தப் பதிப்பகம், மறந்துபோன பெண் எழுத்தாளர்களை, அதிலும் குறிப்பாக இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தவர்களை, மீட்டெடுப்பதையே முதன்மைத் தொழிலாக வைத்திருக்கிறது. 2021இல் கடையை பாத் நகருக்கு மாற்றிக்கொண்டார்கள்.

மூன்றாவது, அடுத்த வார இறுதிக்கு டாரத்தி விப்பிளின் ‘சம்ஒன் அட் எ டிஸ்டன்ஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள். 1953இல் வந்தபோது அதைச் சீந்துவாரில்லை. இன்பமாகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்துக்குள் ஒரு பிரெஞ்சுப் பெண் வந்து சேர்கிறாள். பிறகு நடப்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அழ விரும்பாதவர்களுக்கு வினிஃபிரெட் வாட்சனின் ‘மிஸ் பெட்டிகுரூ லிவ்ஸ் ஃபார் எ டே’ இருக்கிறது. ஒரே நாளில் நடந்து முடியும் கதை, ஒரே நாளில் படித்தும் முடிக்கலாம். நான்காவது, சனிக்கிழமை காலையில் சமையலை முடித்துவிட்டு உட்காராதீர்கள். முதலில் உட்காருங்கள், சமையல் தானாக நடக்கிறதா என்று பாருங்கள்.

சேலம் வாசகி

திருச்சி நண்பரின் நான்காவது யோசனையைச் சமைக்கிறவர்கள் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். நிற்க.

மருத்துவர் ஐயாவுக்கு என் பதில் இது. பொய்யை டாக்டர் மெரிட் ஒருவர் மட்டும் சொல்லவில்லை. இரவில் கணவனின் கால் அசைவதை ஈவாஞ்சலின் தன் கண்ணால் பார்த்துவிடுகிறாள். மறுநாள் கடையையும் சம்பளத்தையும் விட்டுவிட்டு, அந்தச் சமையலறைத் தரையைத் தேய்க்கத் திரும்ப வேண்டியிருக்குமே என்று நினைத்து அவள் நடுங்கும் பக்கங்களை நீங்கள் தாண்டிவிட்டீர்களோ என்று ஐயப்படுகிறேன். அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், நடக்கக் கூடாது என்ற தீர்ப்பைக் கேட்டு மகள் ஹெலன் ஆறுதலில் அழுகிறாள் என்றால், அவளுக்கும் ஏதோ தெரியும். ஒருவரும் மற்றவரிடம் வாயைத் திறப்பதில்லை. ஊரை எதிர்த்து நின்று, நான் விரும்பித்தான் வீட்டில் இருக்கிறேன் என்று லெஸ்டர் அறிவித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டால், அது 1924இன் அந்தச் சிற்றூரில் எடுபடாது. அப்படிச் சொன்னால் அந்தக் குடும்பத்தைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்பதை அவன் படுத்துக்கொண்டே நன்றாக யோசித்துப் பார்க்கிறான். துணிவின்மை என்று நீங்கள் குறிப்பிடுவது ஆசிரியருடையது அல்ல, அந்த ஊருடையது.

மாமியாரிடம் முடிவைச் சொன்னேன். “அந்த டாக்டர் நல்லா இருக்கணும்” என்றார்.

மருத்துவர், சென்னை

தங்கள் மாமியாரின் வாழ்த்தை அந்த டாக்டர் சார்பில் நன்றியுடன் பெற்றுக்கொள்கிறேன். ஆயினும் பொய் பொய்தான்.

நெல்லை வாசகர்

இரு தரப்பையும் படித்தேன். எனக்கு இதில் கால் பெரிய சங்கதியாகத் தோன்றவில்லை. இது பெண்களின் உரிமையைவிடக் குழந்தைகளின் உரிமையைப் பற்றிய நாவல் என்றே ஆசிரியரும் கருதியிருக்கிறார். நான் படித்ததும் அப்படித்தான். என்னைத் தைத்த இடம் ஸ்டீஃபனின் கரடி பொம்மை. அதைத் துவைக்கப் போகிறேன் என்று அம்மா சொன்ன ஒரே காரணத்தால் அந்தப் பிள்ளை அத்தனை ஆர்ப்பாட்டமும் செய்கிறான். வேறொரு வீட்டில் துவைத்து உருக்குலைந்துபோன ஒரு கரடியை அவன் பார்த்திருக்கிறான். பல நாள் கழித்துத் தகப்பன் விஷயத்தைக் கேட்டறிந்து, அது உன்னுடைய கரடி, உனக்கு விருப்பமில்லை என்றால் துவைக்க வேண்டியதில்லை என்கிறான். அவ்வளவு சிறிய ஒரு வாக்கியத்துக்காக அந்தக் குழந்தை அத்தனை காலம் காத்திருந்திருக்கிறது.

இதில் ஈவாஞ்சலினைக் கொடுமைக்காரி என்று எழுதாததுதான் ஆசிரியரின் பெரிய கெட்டிக்காரத்தனம் என்பேன். அவள் பிள்ளைகளுக்காகத்தான் தரையைத் தேய்த்துத் தேய்த்துக் கையெல்லாம் கரப்பான் புண் வாங்கிக்கொள்கிறாள். லெஸ்டரோ வேலை நேரத்தில் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, முடிந்ததும் சுருட்டி எறிந்துவிடுகிறான். அவளுக்கு இந்த யோசனை கடைசிவரை வந்திருக்காது. அவனுக்கு அவளுடைய கடை வியாபாரம் கடைசிவரை பிடிபட்டிருக்காது. எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது, செய்தித்தாளை விரிப்பது யார், சுருட்டுவது யார் என்ற பேச்சு எழுந்து, ஞாயிறு மாலை முழுவதும் அதிலேயே கழிந்தது. இன்னும் முடிவாகவில்லை.