ஒரே புதிருக்கு மூன்று விடை வருகிறது, கிரேட் 4 பிள்ளைகள்

மாலைவகுப்பு_ரோஸ்ஹில்:
வணக்கம். தமிழ் வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு புதிர் போடுகிறேன். லதா, குமரன், ரவி மூவருக்கும் ஆளுக்கொரு பழம்: லிச்சி, மாம்பழம், அன்னாசி. லதாவுக்கு மாம்பழம் இல்லை. ரவிக்கு அன்னாசி இல்லை. யாருக்கு எது? பிள்ளைகள் வேறு வேறு விடை சொல்கிறார்கள், எல்லாமே பொருந்துகிறது! கோழி, ஆடு கால் கணக்கையும் குத்துமதிப்பாகவே போடுகிறார்கள். என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை:
பிள்ளைகள் மேல் தப்பில்லை டீச்சர், புதிரில் குறிப்பு போதவில்லை. மூன்று பழத்தை மூவருக்கு 6 விதமாகத்தான் கொடுக்க முடியும். ஆறையும் எழுதிவைத்து அடித்துக்கொண்டே வாருங்கள். முதல் குறிப்பு இரண்டை அடிக்கும். இரண்டாவது புதிதாக ஒன்றைத்தான் அடிக்கும். மிச்சம் 3.

'குமரனுக்கு அன்னாசி இல்லை' என்று சேர்த்தால் லதாவுக்கு அன்னாசி என்பது முடிவாகும், மற்ற இருவர் பழம் முடிவாகாது. 'ரவிக்கு மாம்பழமும் இல்லை' என்று சேருங்கள். ரவிக்கு லிச்சி, லதாவுக்கு அன்னாசி, குமரனுக்கு மாம்பழம். ஒரே விடை.

'ரவிக்கு லிச்சி' என்று நேராகச் சொன்னாலும் விடை வரும், ஆனால் அன்னாசிக் குறிப்பு வெட்டியாகிவிடும். யோசிக்கவும் ஒன்றும் மிஞ்சாது.

வெண்டைக்காய்:
கால் கணக்குக்குப் படம்தான் வழி. 8 தலை, 22 கால் என்று வையுங்கள். 8 வட்டம் போட்டு எல்லாவற்றுக்கும் இரண்டு கால் வரையச் சொல்லுங்கள்: 16. மீதி 6 காலை இரண்டிரண்டாக ஒட்டினால் 3 ஆடு, 5 கோழி. படம் போடாத பிள்ளை '6 ஆடு' என்னும், அல்லது ஆறை நான்கால் வகுக்கப் பார்த்து முழிக்கும். ஆட்டுக்கு ஏற்கெனவே இரண்டு கால் வரைந்தாயிற்று என்பது மறந்துபோவதால் வருவது அது. நீங்கள் கணக்குப் போடும்போது 8 தலைக்கு 16க்கும் 32க்கும் நடுவில் இரட்டைப்படை எண்ணாக எடுங்கள்.

அடுத்த வாரத்துக்கு ஒன்று: 1, 5, 10, 20 ரூபாய்க் காசுகளால் 20 ரூபாயை எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? பெரிய காசிலிருந்து இறங்கி வர வேண்டும். 10+5+5, 5+10+5 இரண்டும் ஒன்றே என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
வாயால் கேட்கும் புதிரில் 70க்கு மேல் போகாதீர்கள். வீட்டில் மொரீஷியஸ் கிரியோல் மொழியில் தொண்ணூறை 'கட்ரோவேந்திஸ்' என்று எண்ணும் பிள்ளைக்குத் தொண்ணூறு நூறாகத்தான் காதில் விழும். நம் சொல்லே அப்படி! பலகையில் எழுதிவிட்டால் சிக்கல் இல்லை.

மாலைவகுப்பு_ரோஸ்ஹில்:
நன்றி. காசுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், 9 வருகிறது. சரியா?

வெண்டைக்காய்:
10 வர வேண்டும். 20 ரூபாய்க் காசு தனியாக 1, இரண்டு பத்து 1, ஒரு பத்து வைத்தால் 3, பத்தே இல்லாமல் 5. அந்த ஒற்றை 20 ரூபாய்க் காசை விட்டிருப்பீர்கள், பிள்ளைகளும் அதைத்தான் விடுவார்கள்.